பவர் ஸ்டீயரிங் ஆயில்: தொடலாமா, தொடக்கூடாதா? வீட்லயே மாத்தற கதை

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2024

அண்ணா, 2009 டீசல் இன்னோவா, ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு, செகண்ட் ஹேண்டா வாங்கினது. ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தா டிகாஷன் மாதிரி இருக்கு. காலைல ஸ்டார்ட் பண்ணி முழுசா ஒடிச்சா ஊ...ன்னு ஒரு சத்தம், அஞ்சு நிமிஷம் ஓடினா போயிடுது. எங்க மெக்கானிக் "அது லைஃப்டைம் ஆயில், தொட்டீங்கன்னா ரேக் லீக் ஆகும், அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது"ங்கறார். வீடியோல பார்த்தா ரிட்டர்ன் ஹோஸைக் கழட்டி பாட்டில்ல விட்டுட்டு எஞ்சினை ஓட விடறாங்க, ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடறாங்க. எது சரி? வீட்லயே பண்ணலாமா?

6 ஜனவரி 2024, ராத்திரி

பண்ணலாம். அந்த வீடியோ மாதிரி மட்டும் பண்ணாதீங்க. விவரம் நாளைக்கு எழுதறேன், அதுக்குள்ள ஒரு வேலை செய்ங்க, டப்பா மூடியைத் துடைச்சுட்டு மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு வைங்க. மெக்கானிக், கடைக்காரர், நான், யார் என்ன சொன்னாலும் மூடி சொல்றதுதான் கணக்கு.

7 ஜனவரி 2024

எங்க வீட்லயும் அதே தலைமுறை இன்னோவாதான், மாமனார் ஓட்டிட்டு இருந்தது, இப்ப என் தலைல. அதனால இது கேள்விப்பட்ட கதை இல்ல, நானே கை வச்ச வேலை.

முதல்ல அந்த "லைஃப்டைம்" விஷயம். நிறைய கம்பெனி மேனுவல்ல ஸ்டீயரிங் ஆயிலுக்கு லெவல் பாருங்கன்னு மட்டும்தான் இருக்கும், இத்தனை கிலோமீட்டர்ல மாத்துங்கன்னு இருக்காது. அதைத்தான் லைஃப்டைம்னு எடுத்துக்கறாங்க. ஆனா அந்த ஆயில் படற பாட்டைப் பாருங்க. பெல்ட்ல சுத்தற பம்பு, உள்ள சின்னச் சின்ன தகடு, அதை வேன்னு சொல்லுவாங்க, வளையத்துல உரசிக்கிட்டே சுத்தும். முழுசா ஒடிச்சுப் பிடிச்சீங்கன்னா பிரஷர் 70, 80 பார் வரைக்கும் போகும், டயர்ல இருக்கறது ரெண்டு பார் சொச்சம்தான். இந்த ஆயில் போற ஹோஸ் ரப்பர், ரேக்ல, அதாவது முன் சக்கரத்தைத் திருப்பற பல்லு வச்ச கம்பி இருக்கற பாகத்துல, ஆயில் கசியாம பிடிக்கற சீல் ரப்பர், எல்லாம் வருஷக்கணக்கா சூட்டுல வேகுது. ரப்பர் துகளு, அலுமினியப் பொடி, வெந்த ஆயிலோட கசடு, இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கருப்பு. புதுசுல அது செக்கச் செவேல்னு இருந்த ஆயில்.

ஒரு டெஸ்ட். வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல ஒரு சொட்டு விடுங்க. பரவி வெளிறின சிவப்பா நின்னா இன்னும் உயிர் இருக்கு. நடுவுல கருப்பா ஒரு வட்டம் தங்கி, சுத்தி பழுப்பா விரிஞ்சா மாத்த வேண்டிய காலம் தாண்டிருச்சு. கருகின வாசனை வந்தா சந்தேகமே வேண்டாம். சின்ன காந்தத்தை நூல்ல கட்டி டப்பாக்குள்ள விட்டு எடுத்துப் பாருங்க, மை மாதிரி ஒட்டினா பயப்படாதீங்க அது சகஜம், கண்ணுக்குத் தெரியற தூளா வந்தாத்தான் பம்பு தேயுதுன்னு அர்த்தம்.

7 ஜனவரி 2024, சாயங்காலம்

எந்த ஆயில்னு ஆளாளுக்குக் கேட்டிருக்கீங்க. ஒரே பதிலா சொல்ல முடியாது, வண்டிக்கு வண்டி மாறும்.

குவாலிஸ், பழைய இன்னோவாவுக்கெல்லாம் டெக்ஸ்ரான் 2 இல்லேன்னா 3, அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஊத்தற சிவப்பு ஆயில். நம்ம ஊர் கடைல "டி.க்யூ ஆயில்"னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க, காஸ்ட்ரால் அந்தப் பேர்ல வித்து வித்து இப்ப எந்தக் கம்பெனி டப்பாவா இருந்தாலும் டி.க்யூன்னே ஆயிடுச்சு. பழைய ஹூண்டாய்க்கு பி.எஸ்.எஃப் (பவர் ஸ்டீயரிங் ஃப்ளூயிட்) 3, பின்னாடி வந்ததுல பி.எஸ்.எஃப் 4, ரெண்டையும் கலக்காதீங்க. ஹோண்டா தன்னோட சொந்த ஸ்டீயரிங் ஆயிலைத்தான் கேக்கும், அங்க டி.க்யூ ஊத்தாதீங்க. ஃபியட் லீனியா வச்சிருக்கறவர் கேட்டிருந்தார், உங்களுக்கு டுடேலா ஜி.ஐ/இ. ஜெர்மன் வண்டி நிறையதுல பச்சைக் கலர் பென்டோசின், சி.எச்.எஃப் 11 எஸ் இல்ல 202. பச்சைல சிவப்பை ஊத்தினா சீல் என்ன ஆகும்னு பார்க்கறதுக்கு உங்க வண்டியைப் பலி குடுக்க வேண்டாம்.

கலரை நம்பி வாங்காதீங்க, அது வெறும் சாயம். லீக் ஆனா எது சொட்டுதுன்னு தெரியணும்னு போட்டது.

டெக்ஸ்ரான் 3 க்கு ஜெனரல் மோட்டார்ஸ் லைசென்ஸ் குடுக்கறதை 2006 ஓட நிறுத்திட்டாங்க, அதுக்கு அப்புறம் டெக்ஸ்ரான் 6 தான். அதனால இப்ப கடைல இருக்கற டப்பால "டெக்ஸ்ரான் 3 க்கு ஏற்றது" அப்படின்னுதான் போட்டிருக்கும். நல்ல கம்பெனி சரக்கா இருந்தா ஒண்ணும் பிரச்சனை இல்ல. 6 ஊத்தலாமான்னா அது கொஞ்சம் தண்ணி மாதிரி இருக்கும், பழைய தேஞ்ச பம்புக்கு நான் ஊத்த மாட்டேன்.

8 ஜனவரி 2024

அவசரமா ஒண்ணு. "டப்பால குறைஞ்சிருந்துச்சு, கைல பிரேக் ஆயில் இருந்துச்சு, கொஞ்சம் விட்டேன்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஐயா, வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க!! பிரேக் ஆயில் கிளைக்கால் வகை, ஸ்டீயரிங் சீல் நைட்ரைல் ரப்பர், அது இதைக் குடிச்சு ஊதிப்போய் மெத்துன்னு ஆயிடும். இன்னும் ஓடலைன்னா டப்பாவைக் கழட்டி முழுசா கவுத்துக் கழுவி, நல்ல ஆயில் விட்டு நிறைய தடவை மாத்துங்க. ஓட்டிட்டீங்கன்னா மொத்தமும் கழட்டிச் சுத்தம் பண்ணணும், அது வீட்டு வேலை இல்ல.

இதுக்குத் தலைகீழா பிரேக் டப்பால ஸ்டீயரிங் ஆயில் விட்டா இன்னும் மோசம். அங்க இருக்கறது ஈ.பி.டி.எம் ரப்பர், மினரல் ஆயில் பட்டா ஊதிரும், பிரேக் பிடிக்காது, இல்ல பிடிச்சது விடாது. உசுரு சம்பந்தப்பட்டது.

13 ஜனவரி 2024

போகி முன்னாடியே எழுதிடலாம்னு உக்காந்தேன். முதல் வழி சிரிஞ்ச் வழி. எனக்குப் பிடிச்சது இதுதான், சோம்பேறிக்கு ஏத்தது.

மெடிக்கல் ஷாப்ல மூக்கு வழியா கஞ்சி குடுக்கற பெரிய சிரிஞ்ச், 60 மில்லி, கேளுங்க. கூட ஒரு சலைன் ட்யூப், சிரிஞ்ச் வாய்ல செருகற மாதிரி. வண்டி ஓட்டிட்டு வந்து ஆயில் வெதுவெதுப்பா இருக்கும்போது டப்பாவைச் சுத்தித் துணியால துடைங்க, மண்ணு உள்ள விழுந்தா அந்த மண்ணு நேரா பம்புக்குத்தான் போகும். மூடியைத் திறந்து உறிஞ்சி ஒரு பழைய பாட்டில்ல விடுங்க. எவ்வளவு வந்துச்சோ அதே அளவு புது ஆயில் ஊத்துங்க. மூடுங்க. ஸ்டார்ட் பண்ணி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒடிங்க. அவ்வளவுதான், வண்டியை எடுத்துட்டு வேலைக்குப் போங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடியும்.

கணக்கு பார்ப்போம். மொத்த ஆயில் ஒரு லிட்டர் பக்கம்னு வைங்க, டப்பால 300 மில்லி. முதல் தடவை மாத்தினதும் பழசு 70 சதவீதம் மிச்சம். ரெண்டாவதுக்கு 49, மூணாவதுக்கு 34, நாலுக்கு 24, அஞ்சுக்கு 17, ஆறுக்கு 12. ஆக ஆறு வாரம், 1.8 லிட்டர். ஜாக்கி வேண்டாம், ஹோஸ் கழட்ட வேண்டாம், முக்கியமா சிஸ்டத்துக்குள்ள காத்து போறதுக்கு வழியே இல்ல.

14 ஜனவரி 2024

மதுரை நண்பர் சொன்னது சரியான பாயின்ட். டப்பால 300 மில்லி இருந்தாலும் அடி வரைக்கும் உறிஞ்ச வராது, 250 தான் கைக்கு வரும். அப்ப ஒவ்வொரு தடவையும் முக்கால்வாசி பழசு நிக்கும், நாலு தடவைக்கு அப்புறம் 32 சதவீதம், எட்டுக்கு அப்புறம்தான் 10க்கு வரும். ஒரு லிட்டர் டப்பா ரெண்டும் காலி. ஆனா யோசிச்சா நூத்துக்கு நூறு புதுசு எதுக்குங்க? நாலு தடவைல ஆயில் கலர் மாறினது கண்ணுக்கே தெரியும், அதுக்கு மேல உங்க மனசுக்கு.

நடுவுல ஓட்டணும், அதை மறந்துடாதீங்க. ஒரே நாள்ல உக்காந்து உறிஞ்சி ஊத்தி உறிஞ்சி ஊத்தினா நேத்து வாங்கின புது ஆயிலையே திரும்ப எடுத்துட்டு இருப்பீங்க.

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. வண்டிக்கும் பொட்டு வைங்க.

21 ஜனவரி 2024

இப்ப ரிட்டர்ன் ஹோஸ் வழி. ஒரே நாள்ல முடிக்கணும், இல்ல ஆயில் ரொம்பக் கேவலமா இருக்குன்னா இது. பொறுமையா படிங்க.

டப்பால ரெண்டு ஹோஸ் இருக்கும். தடியா இருக்கறது பம்புக்கு ஆயில் போறது, கொஞ்சம் ஒல்லியா இருக்கறது ரேக்ல இருந்து திரும்பி வர்றது, அதுதான் ரிட்டர்ன். பெரும்பாலான வண்டில அப்படித்தான், ஆனாலும் உறுதிப்படுத்திக்கங்க, மூடியைத் திறந்து வச்சுட்டு யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பாருங்க, எந்தப் பக்கத்துல இருந்து ஆயில் பொங்கி வருதோ அது ரிட்டர்ன்.

முன்பக்கம் ரெண்டு சக்கரமும் தரையை விட்டுத் தூக்கணும். இன்னோவா பின்சக்கர வண்டி, ஹேண்ட்பிரேக்கும் பின்னாடிதான், அதோட பின் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை குடுங்க. சேஸ் கனமா இருக்கற இடத்துல ஸ்டாண்டு வச்சு அது மேல இறக்குங்க, வெறும் ஜாக்கி மேல நிக்க வச்சுட்டு கையை உள்ள விடற பழக்கம் யாருக்காவது இருந்தா இந்த வேலையே வேண்டாம், மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க. ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டா வைக்காதீங்க, அது சொல்லாமக் கொள்ளாம உடையும்.

ஆல்டர்னேட்டர் மேலயும் பெல்ட் மேலயும் துணி போட்டு மூடுங்க. பெல்ட்ல ஆயில் பட்டா வழுக்கும், கீச்சுன்னு கத்தும், அப்புறம் ஸ்டீயரிங்தான் கத்துதுன்னு நீங்க வேற இடத்துல தேடிட்டு இருப்பீங்க.

டப்பாவை சிரிஞ்சால காலி பண்ணுங்க. ரிட்டர்ன் ஹோஸ் கிளிப்பை பிளையர்ல அமுக்கித் தள்ளி, ஹோஸை இழுக்காம முதல்ல திருகுங்க, பழைய ரப்பர் ஒட்டிக்கிட்டு இருக்கும், இழுத்தா டப்பாவோட பிளாஸ்டிக் மூக்கு உடையும். டப்பா மூக்குக்கு ஒரு ரப்பர் கேப், இல்லேன்னா ஹோஸ் துண்டுல போல்ட்டைச் செருகி அடைங்க. வண்டில இருந்து வர்ற ஹோஸ்ல வெள்ளை ட்யூப் ஒண்ணைச் செருகி ரெண்டு லிட்டர் பாட்டிலுக்குள்ள விடுங்க. தெரியற ட்யூபா இருக்கணும், கலர் மாறறதைப் பார்த்துத்தான் நிறுத்தணும்.

சாவியை ஏ.சி.சி ல வைங்க, இல்லேன்னா ஸ்டீயரிங் லாக் ஆகும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக்கூடாது. டப்பா நிறைய புது ஆயில். ஒருத்தர் ஸ்டீயரிங்கை மெதுவா இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பணும், இன்னொருத்தர் டப்பாவைப் பார்த்துக்கிட்டே ஊத்திட்டே இருக்கணும். ரேக்குக்குள்ள இருக்கற பிஸ்டன் நகர நகர ஆயிலைத் தள்ளும், ட்யூப்ல கருப்பா வரும், அப்புறம் பழுப்பு, அப்புறம் சிவப்பு. எங்க வீட்ல பையன் ஸ்டீயரிங்ல, நான் டப்பாகிட்ட. அவன் அந்த வேலைக்கு சம்பளமா பரோட்டா கேட்டான், ரெண்டு லிட்டர் ஆயிலை விட பரோட்டா பில் அதிகம்.

எஞ்சினை ஏன் ஓட விடக்கூடாதுன்னு கேக்கறவங்களுக்கு: பம்பு ஐடில்லயே நிமிஷத்துக்கு அஞ்சாறு லிட்டர் தள்ளும். அப்படின்னா செகண்டுக்கு 100 மில்லி. டப்பால இருக்கற 300 மில்லி மூணு செகண்ட்ல காலி. நீங்க "டேய் ஆஃப் பண்ணுடா"ன்னு கத்தி முடிக்கறதுக்குள்ள பம்பு காத்தைக் குடிச்சிருக்கும். பம்புக்குள்ள எண்ணெய் போடற வேலையையும் அந்த ஆயில்தான் பண்ணுது, காய்ஞ்சு ஓடினா வேன் கோடு விழும். வீடியோல அவங்க பண்ணறாங்கன்னா அவங்க பம்பு, அவங்க காசு.

முடிஞ்சதும் ஹோஸை மாட்டி, டப்பால கோல்டுன்னு (COLD, ஆயில் ஆறியிருக்கும்போது பார்க்கற அளவு) போட்டிருக்கற கோடு வரைக்கும் நிரப்பி, இன்னும் சக்கரம் மேலயே இருக்கும்போது எஞ்சின் ஆஃப்லயே இருபது தடவை போல கோடிக்குக் கோடி திருப்புங்க. குமிழி வந்து உடையும், லெவல் இறங்கும், ஊத்துங்க. இறங்கறது நின்னதுக்கு அப்புறம்தான் ஸ்டார்ட். ஸ்டார்ட் பண்ணி மெதுவா திருப்பணும், கோடில போய் அஞ்சு செகண்டுக்கு மேல பிடிக்கக்கூடாது, அங்க ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் பம்புக்குள்ளயே சுத்திச் சுத்திக் கொதிக்கும். ஆயில் நுரைச்சு ரோஸ் மில்க் கலர்ல இருந்தா உள்ள காத்து இருக்கு, ஆஃப் பண்ணிட்டு ஒரு மணி நேரம் விட்டுடுங்க, காத்து தானா மேல வரும். அவசரப்பட்டு ஓட்டினா நுரை இன்னும் கூடும்.

22 ஜனவரி 2024

நேத்து எழுதினதுல ஒரு யோசனை ராத்திரி படுக்கும்போது வந்துச்சு. எஞ்சின் ஆஃப்ல திருப்பும்போது ரேக்குல இருக்கற ஆயில் நல்லா வெளிய வரும், ஆனா பம்பும் பிரஷர் ஹோஸும் முழுசா மாறுமா? ஒரு பக்க அறைல இருந்து ஆயில் ரிட்டர்னுக்குப் போகும்போது இன்னொரு அறைக்கு ஆயில் வேணும், அது நிக்கற பம்பு வழியா உறிஞ்சிக்கிட்டு வரணும். சில ரேக்ல கைல திருப்பறப்ப சுலபமா இருக்கட்டும்னு ரிட்டர்ன்ல இருந்தே குறுக்கு வழில எடுத்துக்கற மாதிரி செக் வால்வு இருக்கும், அப்படி இருந்தா பம்புல பழசு கொஞ்சம் தங்கும். அதனால நான் பண்ணறது என்னன்னா, ஹோஸ் வழில முடிச்சு ரெண்டு வாரம் ஓட்டிட்டு, மிச்சம் இருக்கற ஆயிலை வச்சு சிரிஞ்ச்ல ஒரு ரவுண்டு. தங்கினது கலந்து வெளிய வந்துடும்.

அப்படிப் பார்த்தா சிரிஞ்ச் மட்டும் போதும்னு மறுபடியும் அங்கயே வந்து நிக்கறேன். ஆயில் செலவும் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

23 ஜனவரி 2024

"எஞ்சின் ஆஃப்ல ஸ்டீயரிங் இறுகிப்போய் வண்டி திரும்பாதே, அப்ப ஓடும்போது ஆஃப் ஆனா?"ன்னு ஒரு தம்பி பயந்திருக்கார். திரும்பும்ப்பா. கனமா இருக்கும், ஆனா திரும்பும். ஸ்டீயரிங் தண்டுக்கும் ரேக் பல்லுக்கும் நடுவுல டார்ஷன் பார்னு ஒரு ஒல்லிக் கம்பி, நீங்க திருப்பும்போது அது துளி முறுக்கும், அந்த முறுக்கு வால்வைத் திறந்து ஆயிலை எந்தப் பக்கம் அனுப்பணும்னு சொல்லுது. ஆயில் இல்லேன்னா கம்பி கொஞ்சம் முறுகினதும் பல்லு பல்லோட நேரா பிடிச்சுக்கும், பழைய காலத்து ஸ்டீயரிங் ஆயிடும்.

பழைய காலம்னதும் ஞாபகம், எங்க ஊர் டாக்ஸி ஸ்டாண்டுல அம்பாசடர் ஓட்டின பெரியவர் ஒருத்தர் இருந்தார், வலது கை மட்டும் தனியா ஜிம்முக்குப் போன மாதிரி இருக்கும். அமெரிக்காவுல பிரான்சிஸ் டேவிஸ்னு ஒரு இன்ஜினியர் 1926லயே பவர் ஸ்டீயரிங் வச்சு வண்டி ஓட்டிக் காட்டிட்டார், விலை ஜாஸ்தின்னு கார் கம்பெனிக எடுக்கல, கடைசில 1951ல கிரைஸ்லர் இம்பீரியல்லதான் கடைக்கு வந்துச்சு. கால் நூற்றாண்டு! ஆயிலே இல்லாத எலக்ட்ரிக் ஸ்டீயரிங் 1988ல சுசுகி செர்வோல வந்தது. இப்ப சின்ன வண்டி முக்கால்வாசி அதுதான், அவங்களுக்கெல்லாம் இந்தப் பக்கமே வேண்டியதில்ல. "என் ஸ்விஃப்ட்ல டப்பாவைத் தேடிட்டு இருக்கேன் அண்ணா, காணோம்"னு எழுதினவருக்கு: தேடறதை நிறுத்திடுங்க தம்பி, கிடைக்காது.

4 பிப்ரவரி 2024

மாத்தினா லீக் ஆகுமா? இதைத்தான் எல்லாரும் சுத்திச் சுத்திக் கேக்கறீங்க.

மெக்கானிக் பொய் சொல்லல, அவர் பார்த்ததைச் சொல்றார். அவர்கிட்ட ஆயில் மாத்த வண்டி எப்ப வருது? சத்தம் வந்து, கனமாகி, டப்பா குறைஞ்சு, ஏற்கனவே சீல் போற நிலைமைல இருக்கும்போது. மாத்தறாங்க, அடுத்த மாசம் சொட்டுது, பழி புது ஆயில் மேல. இன்னொண்ணும் நடக்கும். வெந்த சீலைச் சுத்திக் கசடு படிஞ்சு அதுவே அடைப்பா நிக்கறது உண்டு, புது ஆயில்ல இருக்கற டிடர்ஜென்ட் அந்தக் கசடைக் கரைச்சா உள்ள ஒளிஞ்சிருந்த லீக் வெளிய வரும். ஆக லீக் உருவானதில்ல, தெரிய வந்தது.

அதனால மாத்தறதுக்கு முன்னாடி ரேக்கோட ரெண்டு முனைலயும் இருக்கற ரப்பர் உறையை, பூட்னு (boot) சொல்லுவாங்க, அமுக்கிப் பாருங்க. உள்ள ஆயில் தளும்பினா ரேக் சீல் ஏற்கனவே போச்சு, ஆயில் மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல, ரேக் பிரிக்கற ஆளைத் தேடுங்க. காய்ஞ்சு இருந்தா தைரியமா மாத்துங்க.

"லீக் ஸ்டாப்" டப்பா விக்கறாங்களே? அதுல ரப்பரை ஊத வைக்கற சரக்கு இருக்கு. விக்கப் போற வண்டிக்கு ஊத்தறவங்க ஊத்துவாங்க, அந்த வண்டியை வாங்கற ஆளா நீங்க இருக்கலாம், யோசிங்க. வாங்கினது செகண்ட் ஹேண்டுன்னு கேள்வி கேட்ட தம்பி இதைக் கவனிங்க.

மெஷின் வச்சு ஃப்ளஷ் பண்றேன்னு சொல்ற இடத்துல "உள்ள என்ன கெமிக்கல் விடறீங்க"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. எனக்கு ஒரு இடத்துல பதில் வரல, வண்டியைத் திருப்பிட்டேன்.

18 பிப்ரவரி 2024

திருச்செங்கோடு பக்கத்து ஆளுங்க ரெண்டு பேர் எழுதியிருக்காங்க, நானும் அந்தப் பக்கம்தான், அதனால இது நம்ம ஊர்ப் பிரச்சனை. போர்வெல் போடற ரிக் வண்டி ஊரு, வீட்டுக்கு வீடு ஹைட்ராலிக் ஆயில் பேரல் கிடக்கும், ஸ்டீயரிங் டப்பா குறைஞ்சா கைக்கு எட்டினதுல 68 நம்பர் ஆயிலை விட்டுடறாங்க. 68ங்கறது 40 டிகிரில அதோட கெட்டி 68 சென்டிஸ்டோக்ங்கற கணக்கு. டெக்ஸ்ரான் 3 அதே சூட்டுல 35 பக்கம். ஏறக்குறைய ரெண்டு மடங்கு கெட்டி. வெயில்ல ஓடும், ஆனா காலைல குளிருல பம்பு உறிஞ்சத் திணறும், அந்த ஊ...ங்கற சத்தம் அங்கதான் ஆரம்பம். நடு ராத்திரி ஹைவேல டப்பா காலின்னா ஒரு மிடறு விட்டு வீடு வந்து சேருங்க, தப்பில்ல, வந்து மாத்திடுங்க.

அதே மாதிரி பிரஷர் ஹோஸ். ஒரிஜினல் விலையைப் பார்த்துட்டு ரிக் ஹோஸ் கிரிம்ப் பண்ற கடைல குடுத்து பழைய முனையை வச்சு புது ஹோஸ் அடிச்சுக்கறது நம்ம ஊர்ல வழக்கம். பிரஷர் தாங்கும், அதுல சந்தேகமில்ல, ரிக்ல அதை விடப் பல மடங்கு பிரஷர் பார்த்த கை அது. ஆனா ஸ்டீயரிங் ஹோஸ் வேணும்னே கொஞ்சம் ஊதி அடங்கற மாதிரி செஞ்சிருப்பாங்க, பம்போட துடிப்பை அது விழுங்கும். ரெண்டு கம்பி வலை போட்ட விறைப்பான ஹோஸ் அதை விழுங்காது, சத்தமும் அதிர்வும் ஸ்டீயரிங்குக்கே வந்துடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொலேரோ அப்படித்தான் உறுமிக்கிட்டே வருஷக்கணக்கா ஓடுது, ஓனருக்கு அது பழகிருச்சு. நான்னா ஒரிஜினல் வாங்குவேன், இல்ல மெட்ராஸ் போறப்ப ஜி.பி. ரோட்டுல நல்ல கம்பெனி ஹோஸா தேடுவேன்.

19 பிப்ரவரி 2024

பழைய ஆயிலை என்ன பண்றது: சாக்கடைல ஊத்தாதீங்க, தென்னை மரத்தடில ஊத்தாதீங்க. மூடி போட்ட பாட்டில்ல எடுத்துட்டுப் போய் தெரிஞ்ச ஒர்க்‌ஷாப் பேரல்ல விட்டுடுங்க, அவங்க வேஸ்ட் ஆயில் எடுக்கற ஆளுக்குப் போடுவாங்க. பாட்டில் மேல பெருசா எழுதி வைங்க. செவப்பா புது ஆயில் மிச்சம் இருக்கற பாட்டிலையும் எழுதி வைங்க, எங்க வீட்ல அது சர்பத்னு நினைச்சு ஃப்ரிட்ஜ் வரைக்கும் போயிருச்சு.

10 மார்ச் 2024

கேள்வி கேட்ட தம்பி மெயில் போட்டிருந்தார், சிரிஞ்ச் வழில நாலு ரவுண்டு முடிச்சாச்சாம். ஆயில் சிவப்பாயிடுச்சு, ஸ்டீயரிங் கொஞ்சம் லேசான மாதிரி இருக்காம், ஆனா காலைல சத்தம் மட்டும் இன்னும் பாதி இருக்குன்னு.

லேசானதுங்கறது மனசு சொல்றதா கை சொல்றதான்னு எனக்கு எப்பவுமே சந்தேகம். சத்தத்துக்கு வருவோம்.

ஆயில் புதுசு, லெவல் சரி, பெல்ட் சரின்னா ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு டப்பாவோட அடில நைலான் வலை. நிறைய வண்டில டப்பாக்குள்ளயே ஒரு வடிகட்டி வலை ஒட்டி வச்சிருப்பாங்க, கருப்புக் கசடு அதுல படிஞ்சு பாதி அடைச்சிருக்கும், பம்புக்குப் போதுமான ஆயில் போகாது. வலை பிரிஞ்சு வராது, டப்பாவைக் கழட்டி டீசல்லயோ பிரேக் கிளீனர்லயோ குலுக்கிக் கழுவி, வெயில்ல நல்லா காய வச்சு, புது ஆயில்ல ஒரு தடவை அலசி மாட்டணும். வலை கிழிஞ்சிருந்தா டப்பாவே புதுசு. ரெண்டாவது அந்தத் தடி ஹோஸ், டப்பால இருந்து பம்புக்குப் போறது. அதுல பிரஷர் கிடையாது, உறிஞ்சல்தான், அதனால கிளிப் தளர்ந்தா வெளிய ஒரு சொட்டு ஆயில் கூட சிந்தாம காத்து மட்டும் உள்ள போகும். லீக்கே இல்லையே, எப்படிக் காத்து போகுதுன்னு ஆளுங்க தலையைச் சொறியறது இங்கதான். ஸ்க்ரூ திருகி இறுக்கற ஒரு ஜூபிலி கிளிப், முப்பது ரூபா சமாச்சாரம்.

17 மார்ச் 2024

தம்பி போட்டோ அனுப்பியிருக்கார். வலைதான். டப்பாவைக் கழுவின டீசல் கருப்பு மை மாதிரி இருக்கு. கழுவி மாட்டினதுல காலைச் சத்தம் போயே போச்சாம். அப்படியே அந்தத் தடி ஹோஸையும் கிளிப்பையும் புதுசு போட்டுட்டாராம், நல்லது.

வலைக்கு மேல கூடுதலா ரிட்டர்ன் லைன்ல காந்தம் வச்ச ஃபில்டர் போடலாமான்னு கேட்டிருக்கார். போடலாம், ரிட்டர்ன்ல மட்டும், அம்புக்குறி டப்பாவைப் பார்த்து இருக்கணும். பிரஷர் பக்கம் போட்டா வெடிக்கும், உறிஞ்சற பக்கம் போட்டா பம்பு மூச்சு முட்டும். நான் போடல. அடுத்த தடவை எப்ப மாத்தணும்னா, அறுபதாயிரம் எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை டிஷ்யூ டெஸ்ட் சொல்றபடி பண்ணுங்க, இல்ல எஞ்சின் ஆயில் மாத்தற ஒவ்வொரு தடவையும் ஒரு டப்பா சிரிஞ்ச்ல உறிஞ்சி மாத்திட்டே வாங்க, கணக்கு வச்சுக்கவே வேண்டாம்.

குவாலிஸ்காரர் ஒருத்தர் "எனக்கு பம்புகிட்டயே ஈரமா இருக்கு, ஆனா சொட்டல"ன்னு கேட்டிருக்கார். நல்லா துடைச்சு, மேல கொஞ்சம் முகப்பவுடர் தூவி ரெண்டு நாள் ஓட்டிட்டு போட்டோ போடுங்க. பவுடர் எங்க நனையுதோ அங்கதான் லீக், பார்த்துட்டுச் சொல்றேன்.